துடைப்பத்துக்கு ஒரு பிட்

டோர்ஷாவன் துறைமுகத்தில்
மீன் இறங்கும் கணக்கு முழுவதும் ஒரே அட்டவணையில்.
எந்தப் படகு, எத்தனை கிலோ,
காட் மீனா ஹாடாக்கா, எத்தனை மணிக்கு.
திருத்தினால் பழைய வரி போய்விடாது,
செத்து அங்கேயே கிடக்கும்.
பெருக்காவிட்டால் அட்டவணை ஊதும்,
தேடல் மூச்சிரைக்கும்,
காலையில் ஏலக்காரர்கள் கத்துவார்கள்.
(தானாக ஓடட்டும் என்று ஒருமுறை விட்டோம்.
ஏலத்தின் நடுவில் ஓடியது. அத்தோடு சரி.)

பெருக்கும் உரிமை சொந்தக்காரருக்கு மட்டும்.
சொந்தக்காரி ரன்வா.
இரவுப் பணி டிரோண்டுர்.
ஆகவே பதினொரு மாதம்
இரவு மூன்று மணிக்கு ரன்வாவின் தொலைபேசி அடித்தது.

டிசம்பரில் அவளுக்குக் காய்ச்சல்.
சர்வ அதிகாரக் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுத்
தூங்கிப்போனாள்.
டிரோண்டுர் பெருக்கினான்.
பெருக்கும்போது பார்த்தும் விட்டான்.
எதை என்று யாரிடமும் சொல்லவில்லை.
அவன் தம்பிக்கு ஒரு படகு உண்டு,
அது ஊருக்கே தெரியும்.
அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வந்து
ஈரத் தொப்பியைக் கழற்றாமலே சொன்னான்:
"எனக்குத் துடைப்பம் போதும்.
கண் வேண்டாம்."

இருபது வருடமாக நிரல் எழுதுகிறேன்.
கூட்டிக் கொடு என்று வருவார்கள்.
குறைத்துக் கொடு என்று வந்தவன்
இவன் ஒருவன்.

எங்கள் எஞ்சினில் அனுமதிகள் குடியிருப்பது
முப்பத்திரண்டு பிட்டில்.
பாதி, நீ செய்யலாம் என்பதற்கு.
பாதி, அந்த உரிமையைப் பிறருக்கும் தரலாம் என்பதற்கு.
எதிரெதிர் வீட்டு வரிசைபோலப் பதினாறும் பதினாறும்.
படிக்க ஒன்று, சேர்க்க ஒன்று,
மாற்ற, அழிக்க, இன்னும் என்னென்னவோ.
பதினான்கு வீட்டில் ஆள் இருந்தது.

"இரண்டு காலி இருக்கிறதே" என்றேன்.
"பெருக்க ஒன்று, புள்ளிவிவரம் எடுக்க ஒன்று. முடிந்தது."
ரன்வா மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்:
"அடுத்தவன் வந்தால்?"
"எவன்?"
"எவனோ. அவனும் நியாயமாகத்தான் கேட்பான்.
இடமில்லையென்று
அவன் கையிலும் முழுச் சாவிக்கொத்தைத் திணிப்பாய்."

அகலப்படுத்தினோம். அறுபத்துநான்கு.
சொல்ல ஒரு வார்த்தை,
செய்ய ஆறு வாரம்.
பன்னிரண்டு பைட் இருந்த அனுமதிச் சீட்டு
பதினாறாகப் பருத்தது.
வட்டில் பழைய அளவில் உறங்கியவற்றையெல்லாம்
எழுப்பி வேறு பாயில் படுக்கவைத்தோம்.
பதினாறு படி நகர்த்திய இடங்களில்
முப்பத்திரண்டு படி நகர்த்தினோம்.
ஓரிடம் தவறியது, என் கை எழுதிய வரியில்:
ஒன்று என்ற எண்
பழைய குறுகிய சட்டையோடே நின்றது.
இடப்பக்கம் தள்ளத் தள்ள
விளிம்பில் விழுந்து காணாமல் போனது.
கொடுத்தேன் என்றேன், சரி என்றது கணினி.
கொடுத்தது யாருக்கும் போய்ச் சேரவில்லை.
இரண்டு நாள் தேடினேன்.
ஜன்னலில் மழை கிடையாக அடித்தது.

புது உரிமைக்கு ஓர் எழுத்தும் வேண்டியிருந்தது.
நல்ல எழுத்தெல்லாம் முன்பே போய்விட்டது.
மிஞ்சியதில் ஒன்றைப் பிடித்துப்
பராமரிப்பு என்று பெயர் வைத்தோம்.
பெருக்கல், புள்ளிவிவரம் எல்லாம்
அந்த ஒன்றிலேயே அடங்கிவிட்டன.
இரண்டு வீடு போதவில்லையென்று தெருவே போட்டோம்,
குடிவந்தது ஒரே ஆள்.
ரன்வா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிரோண்டுர்: பராமரிக்கலாம். படிக்கக் கூடாது.
"பிறருக்குத் தரும் உரிமையும் போடவா?"
"யாருக்குத் தரப்போகிறேன்" என்றான்.
எதிர்வீடு காலி.

மூன்று மணி பத்து நிமிடம்.
செத்த வரிகள் போயின.
எவர் திருத்தியவை, எத்தனை கிலோ குறைந்தவை,
அவனுக்குத் தெரியாது.
அடிக்காத தொலைபேசியைப் பார்த்தபடி
ரன்வா விழித்தே கிடந்தாளாம்.
நாலரைக்கு முதல் படகு வந்து
திரையில் ஒரு வரி கூடியது.
எனக்குப் படிக்கும் உரிமை உண்டு.
அன்று படிக்கவில்லை.